நச்சுக்கொடிக்கு வைத்த பொட்டு

எலியைப் பார்க்கப் போகுமுன் குளித்தாக வேண்டும் என்று விதி இருக்கும் இடத்தில் நான் வேலை பார்க்கிறேன். சும்மா கைகால் அலம்புவது இல்லை, தலையோடு குளிக்க வேண்டும். வெளியிலிருந்து போட்டு வந்த துணியில், உள்ளாடை உட்பட, ஒரு நூல்கூட உள்ளே வரக் கூடாது. தோடு, வளையல், செல்போன் எல்லாம் வெளியே ஒரு பெட்டிக்குள். ஒரு கதவு வழியாக நுழைந்து, ஷவரில் நின்று, மறு கதவு வழியாக வெளியேறி, அவர்கள் தரும் வெளிறிய பச்சைச் சட்டையையும் காகிதத் தொப்பியையும் பிளாஸ்டிக் செருப்பையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் எலிகளின் தரிசனம். ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குளித்துவிட்டுப் போய் நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான் தெரியும். அங்கேகூட ஈரத்தலையில் பூவும் நெற்றியில் பொட்டுமாகப் போகலாம். இங்கே பூவும் கூடாது, பொட்டும் கூடாது. வெளிக்கிருமி ஏதாவது ஒட்டி வந்து எலிக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டால் பல வருஷ ஆராய்ச்சி போய்விடும் என்கிறார்கள். நான் மறுபேச்சுப் பேசாமல் தினமும் குளிக்கிறேன்.

உள்ளே போனதும் முதல் வேலை, பெண் எலிகளின் வாலைத் தூக்கிப் பார்ப்பது. இதை இன்னும் கௌரவமாக எழுத எனக்குத் தெரியவில்லை. முந்தைய மாலை ஆண் எலியோடு விட்ட பெண் எலி அதோடு கூடியிருந்தால், காலையில் வாலுக்கடியில் வெள்ளையாக ஒரு சின்ன அடைப்பு தெரியும். அதற்கு பிளக் என்று பெயர். பிளக் தெரிந்தால் அன்று மதியம் அதன் வயிற்றிலிருக்கும் கருவுக்கு வயது அரை நாள் என்று கணக்கு. அறையின் மூலையில் ஒரு ரேடியோ ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும், எலிகள் சத்தத்துக்குப் பழக வேண்டுமாம். எலிக்கூடத்தைப் பராமரிக்கும் பிர்கிட் என்ற அம்மாள் அந்தப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே வாலைத் தூக்குவாள். எங்கள் தெருவில் புதிதாக வந்த மருமகளைக் காலையில் மேலும் கீழுமாகப் பார்க்கும் பெரியம்மாக்களை அப்போது நினைத்துக்கொள்வேன். இப்படி ஒரு பரிசோதனை இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லாமல் இருப்பது நல்லது.

என் பெயர் கோமதி. சங்கரன்கோவிலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது ஒரு கோமதி மேலோ ஒரு சங்கரநாராயணன் மேலோதான் விழும். எங்கள் வீட்டில் இரண்டுமே உண்டு. நான் கோமதி, என் அண்ணன் சங்கரநாராயணன், சுருக்கமாகச் சங்கர். அவனுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் அம்மா, “எம்மவ ஜெர்மனியில கரு உண்டாக்குதா” என்பாள். கேட்டவர்கள் நான் பெரிய மகப்பேறு டாக்டர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எலி என்ற சொல்லை அம்மா எங்கேயும் விடுவதில்லை. ஒருமுறை நானாக உண்மையைச் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்து, “இங்கன வந்தா சும்மாவே கெடைக்குமே” என்றார். ஊரிலுள்ள எலிகள் என் உதவி இல்லாமலே பெருகுகின்றன என்பது உண்மைதான்.

வேலை இதுதான். கருவின் முதல் கட்டத்தை அதன் சொந்த மரபணுக்கள் நடத்துவதில்லை. அவை உள்ளேதான் இருக்கின்றன, ஆனால் வாய் திறப்பதில்லை. முட்டைக்குள் தாய் ஏற்கெனவே போட்டு வைத்த சரக்கை வைத்துத்தான் கரு பிரியவே ஆரம்பிக்கிறது. பிறகு ஒரு கட்டத்தில் தாயின் சரக்கு கரைந்து தீர்கிறது, கருவின் சொந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. எலிக்கு இது இரண்டு செல் ஆனதுமே நடந்துவிடும். மனிதக் கரு கொஞ்சம் சொகுசு, நான்கு செல், எட்டு செல் ஆகும் வரை அம்மா சாப்பாடுதான். விழிக்கத் தெரியாத கரு அப்படியே நின்றுபோகும். விழிக்க வைக்கும் மரபணுக்களில் ஒன்றை அணைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் கரு செத்துப்போகிறது. ஏன் செத்தது என்று விரிவாக எழுதினால் பட்டம் கொடுக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு இது புதிதாகவே தெரியவில்லை. இங்கே வந்த முதல் குளிர்காலம் முழுவதையும் நான் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியிலும் எள்ளுப்பொடியிலும்தான் ஓட்டினேன். பெட்டியில் துணியைவிடப் பொடி அதிகம். சோறு வடிக்கவும் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசையவும் மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. ஜெர்மன் மொழியில் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கும் தைரியமும் வரவில்லை. பேக்கரியில் ரொட்டியை விரலால் சுட்டிக் காட்டித்தான் வாங்குவேன். பொடி டப்பா காலியான ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்த நகரத்தில், வீட்டிலிருந்த ஒரு முட்டைக்கோஸை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானே நறுக்கினேன். பொரியல் மாதிரி ஏதோ வந்தது. அடுத்த நாள் பேக்கரிப் பெண்ணிடம் எனக்கு அந்த ரொட்டி வேண்டாம், கருப்பு ரொட்டி வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்னேன். என் சொந்த மரபணுக்கள் விழித்துக்கொண்டது அந்த வாரம்தான் என்று நம்புகிறேன்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கைமேரா செய்வது. எட்டு செல் பருவத்தில் இருக்கும் இரண்டு கருக்களை, ஒன்று கருப்பு எலியுடையது, மற்றது வெள்ளை எலியுடையது, மேலுறையை நீக்கிவிட்டு ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால், இரண்டும் பேசி முடிவெடுத்ததுபோல ஒரே கருவாகிவிடும். அதை வாடகைத் தாய் எலியின் வயிற்றில் வைக்க வேண்டும். அந்தத் தாயின் உடம்பைக் கர்ப்பம் என்று ஏமாற்றுவதற்காகக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த ஆண் எலிகளை ஒரு வரிசை நிறைய வைத்திருக்கிறோம். அவற்றின் வாழ்க்கையைப் பார்த்து இங்கே பல ஆண்கள் பொறாமைப்படுகிறார்கள். பிறக்கும் குட்டிக்கு நான்கு பெற்றோர், உடம்பெல்லாம் கருப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். முதல் குட்டியைப் பார்த்து எல்லோரும் அதிசயப்பட்டபோது நான் அதிசயப்படவில்லை. எங்கள் ஊர்ச் சாமியே அப்படித்தான். வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் திருமால், ஒரே உடம்பு, பெயர் சங்கரநாராயணர். அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தே தீருவேன் என்று கோமதி அம்மன் ஆடி மாதம் ஒற்றைக்காலில் தவம் நிற்பாள். இதை பிர்கிட்டிடம் விளக்கினேன். அவள் வெகு கவனமாகக் கேட்டுவிட்டு, “கோடு நேராக வந்திருக்கிறதா? எங்களுக்கு அப்படி வந்ததே இல்லை” என்றாள். தொழில்நுட்பத்தில் ஊர் முன்னேறியது என்று விட்டுவிட்டேன்.

இப்படி விளையாட்டாக ஓடிக்கொண்டிருந்த வேலை ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்தது. அண்ணனுக்கும் மைனிக்கும் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. மைனி ஜெயந்தி திருவேங்கடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவாள். அந்த பஸ்ஸில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும், “டீச்சர், ஏதும் விசேஷம் உண்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டே எடுப்பார்கள் என்பாள். கடைசியில் திருநெல்வேலியில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தார்கள். ஊசி போட்டு முட்டை எடுத்து, வெளியே கரு வளர்த்து வைத்தார்கள். இரண்டு முறை வைத்தும் நிற்கவில்லை. ஊசியால் மைனியின் முகம் ஊதிப்போய், வயிறெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. இனி ஊசி போட மாட்டேன் என்று மைனி சொல்லிவிட்டாள். உறைய வைத்த கரு ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதுவும் தாமதமாக வளர்ந்தது, மட்டமான தரம், வைப்பதா இல்லை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதா என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அண்ணன் அதன் போட்டோவை வாங்கி எனக்கு அனுப்பி, கீழே ஒரு வரி போட்டிருந்தான்: “நீ சொல்லுததுதான் முடிவு.”

நான் அந்தப் படத்தை ஆய்வகத்தின் காபி அறையில் வைத்துப் பார்த்தேன். கரு என் கண்ணுக்குப் புதிதல்ல. நுண்ணோக்கியின் கீழே வரிசையாகக் கிடக்கும் கருக்களில் செழிப்பானதை இந்தப் பக்கம் எடுப்பதும் சோம்பேறியைக் குழாயால் உறிஞ்சி அந்தப் பக்கம் தள்ளுவதும் எனக்கு வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குவதுபோலப் பழகிப்போன காரியம். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் என் கண் அதைத் தள்ளிவிட்டது. உள்ளிருக்கும் செல்கொத்து சின்னது, வெளிச்செல்கள் ஒழுங்கில்லை. அந்த ஒரு கணத்துக்குப் பிறகுதான் இது மைனியுடையது என்று மனசுக்கு உறைத்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அதற்குள் ஊரில் வேறு காரியம் நடந்துவிட்டது. அம்மா அந்தப் படத்தை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லேமினேஷனும் செய்து, சாமி அலமாரியில் சங்கரநாராயணருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். என்ன படம் என்று கேட்ட ஸ்டுடியோக்காரரிடம், “எம்பேரன்” என்றிருக்கிறாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேக்ரவுண்டு மாற்றட்டுமா என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்த ஒரு அத்தை மூக்கு அப்படியே தாத்தா மூக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வீடியோ காலில் அம்மா லேமினேஷனை கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். வட்டத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு குங்குமப் பொட்டு.

“ஏட்டி, இதுல பிள்ளை எந்தப் பக்கம் இருக்கு? தெரியாம நடுவாப்புல வைக்கப் பயந்து ஓரமா வச்சேன்.”

“உள்ள ஒரு கொத்தா இருக்குல்லா, அதுதான்மா பிள்ளை. சுத்தி வளையமா இருக்கதெல்லாம் கொடி. நீ நச்சுக்கொடிக்குப் பொட்டு வச்சிருக்க.”

அம்மா படத்தைத் திருப்பித் தன் முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். அழித்துவிட்டு வேறு வைப்பாள் என்று நினைத்தேன். “இருந்துட்டுப் போகட்டும். கொடி இல்லாம பிள்ளை எங்கன பொழைக்கும்? அதுவும் இந்த வீட்டு உசுருதான” என்று சொல்லி, உள்ளேயிருந்த கொத்துக்கும் ஒரு பொட்டு வைத்தாள். பாடப்புத்தகத்திலும் இதைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் எல்லாச் செல்லும் ஒன்றுதான், எதற்கும் தனிப் பெருமை கிடையாது. நெருக்கிக்கொண்டு ஒட்டும்போது வெளியே நின்றது கொடியாகிறது, உள்ளே மாட்டியது பிள்ளையாகிறது. டவுன் பஸ்ஸில் முண்டியடித்து உள்ளே போனவரும் படிக்கட்டில் தொங்கியவரும் ஒரே நிறுத்தத்தில் ஏறியவர்கள்தானே. நின்ற இடத்தைப் பொறுத்து வேறு வேறு மரபணு விழிக்கிறது, அதற்குமேல் ஒரு செல் மற்றதாக மாறுவது கஷ்டம்.

அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் எட்டிப் பார்த்தான். எங்கள் ஊரில் பிள்ளை இல்லாத வீட்டில் பேச்சு எல்லாம் மருமகளைப் பற்றித்தான். புருஷனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அது அவனுக்குச் சௌகரியமாக இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“ஏ கோமதி, இதுல என் பங்கு என்னது?” என்று கேட்டான்.

சில மரபணுக்களில் அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டும் பேசும், சிலவற்றில் அம்மாவுடைய பிரதி மட்டும் பேசும் என்று சொன்னேன். எலிக்கருவில் அப்பா பக்கத்தை மட்டும் இரட்டையாக வைத்துப் பார்த்தால் கொடி செழித்து வளரும், பிள்ளை தேறாது. அம்மா பக்கத்தை மட்டும் வைத்தால் பிள்ளை கொஞ்சம் உருவாகும், கொடி நோஞ்சானாக இருக்கும். இரண்டு பேரும் இல்லாமல் நடக்காது, ஆனாலும் கொடி கட்டும் வேலையில் அப்பன் கை ஓங்கி நிற்கும் என்றேன்.

“சரக்கு எடுத்து உள்ள அனுப்புதது. கமிஷன் கடை வேலைதான்னு சொல்லு” என்றான். சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன். அழுதான் என்று பிறகு மைனி சொன்னாள். அவனுக்கு இருந்தது சௌகரியம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வருஷத்து லீவு மொத்தத்தையும் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் ஊருக்குப் போனேன். போனதும் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நானோ ஜெட்லாக் என்று சொல்லித் தூங்கினேன், மாம்பழம் சாப்பிட்டேன், பேச்சை மாற்றினேன். ஒரு காலையில் மைனி, “சும்மா வீட்டுல கெடந்து என்ன செய்யப் போற, எங்கூட ஸ்கூலுக்கு வா” என்று திருவேங்கடம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பரீட்சை முடிந்து பேப்பர் திருத்தும் சமயம். ஜன்னலுக்கு வெளியே வெடித்துக் கிடந்த கரிசல், மைனியின் மடியில் விடைத்தாள் கட்டு. பஸ் குலுங்கும்போது பேனாவைத் தூக்கிக்கொண்டு, குலுக்கல் நின்றதும் மார்க் போட்டாள். முன் சீட்டு அம்மாள் திரும்பி என்னைப் பார்த்து, “இது யாரு டீச்சர், நாத்தனாரா? இவளுக்காவது ஏதும் விசேஷம் உண்டா?” என்று கேட்டாள். “இவளுக்கு நெறைய உண்டு, எல்லாம் ஜெர்மனியில வளருது” என்றாள் மைனி. அந்த அம்மாள் அதற்குமேல் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

“உன் ஆய்வகத்துல இப்படி ஒண்ணு வந்தா நீ என்ன செய்வ?” என்று மைனி தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“நெசத்தச் சொல்லவா, மைனி?”

“பதமாப் பேசுததுக்கு டாக்டர் இருக்காவ. நீ நெசத்தச் சொல்லு.”

“தூரப் போட்டுருவேன்.”

மைனி ஒரு கூட்டலைச் சரிபார்த்தாள். “எலியாப் பொறக்காமப் போனது அதுக்கு நல்லதாப் போச்சு” என்றாள். பிறகு, “போட்டுட்டா, அது வளராதுன்னு அர்த்தமா?” என்று கேட்டாள்.

இதை என்னிடம் எந்தப் பேராசிரியரும் கேட்டதில்லை. “அப்படிச் சொல்ல முடியாது. அங்கன நெறைய இருக்கும். அதனால நல்லதாப் பொறுக்குவோம். மட்டமானது வளருமான்னு பாக்க யாரும் நிக்கது இல்ல. சிலது பிந்தி விழிச்சுத் தேறிரும். கோளாறான செல்லைக் கொடி பக்கம் ஒதுக்கிட்டுப் பிள்ளை தப்பிக்கதும் உண்டு. இது தேறுமான்னு எனக்குத் தெரியாது மைனி. தேறாமப் போகத்தான் கூடுதல் வாய்ப்பு” என்றேன்.

“ஜஸ்ட் பாஸ் ஆன பிள்ளைங்கதான் இன்னைக்கும் எனக்குப் பொங்கலுக்கு போன் பண்ணுது. சென்டம் வாங்கினது எல்லாம் எங்கன இருக்குன்னே தெரியல.” அவள் தாளைப் புரட்டினாள். “யாரும் நின்னு பாக்கலன்னா நான் நின்னு பாக்கேன். வச்சிருவோம்.”

முடிவு என்னுடையது என்று சொல்லிச் சொல்லி என்னை வரவழைத்தார்கள். முடிவு எடுத்தது என்னவோ அவள்தான். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கூடவே, இவ்வளவு படித்தும் ஆறுதலாக ஒரு வார்த்தை என் கைவசம் இல்லையே என்று வருத்தமாகவும் இருந்தது.

கிளினிக்குக்குக் கிளம்பும் காலையில் புற்றுமண்ணை வைத்து ஒரு சண்டை நடந்தது. எங்கள் கோவில் புற்றுமண் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. உடம்பில் தடிப்பா, தண்ணீரில் குழைத்துப் பூசு. வயிற்றில் கோளாறா, ஒரு சிட்டிகை வாயில் போடு. மைனி ஒரு உருண்டையை முழுங்கிவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும் என்று அம்மா. வெளிப்பொருள் எதுவும் வாயில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அண்ணன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எலியைத் தொட இரண்டு கதவுக்கு நடுவே குளிக்கிறவள், மண்ணைத் தின்னலாம் என்று எப்படிச் சொல்வேன்? வேண்டாம் என்றேன். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மைனி ஒரு துளி எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு மிச்சத்தை என் பையில் போட்டாள். “இத நீ கொண்டு போ. நல்லது நடந்தா மண்ணால, நடக்கலன்னா உன்னால” என்றாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிளினிக்கில் அந்தக் கருவைக் குழாயில் எடுத்து உள்ளே விடும்போது ஸ்கேன் திரையில் சின்னதாக ஒரு வெளிச்சப் புள்ளி நகர்ந்து நின்றது. அண்ணனும் நானும் பார்த்தோம். இதே காரியத்தை எலிக்கு ரேடியோ பாட்டோடு செய்கிறவள் நான். அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முடிவு தெரிவதற்குள் லீவு முடிந்துவிட்டது. ஜெர்மனி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பையைத் திறக்கச் சொன்னார். பொடி டப்பாக்களையெல்லாம் மோந்து பார்த்துவிட்டுப் புற்றுமண் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். இது என்ன என்று கேட்டார். மண் என்றேன். எதற்கு என்றார். சாப்பிட என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டாமவர், செடிக்கா என்று எனக்கு வழி காட்டுவதுபோலக் கேட்டார். நான் சட்டை செய்யாமல், வயிற்றுக்கு என்றேன். அயல்நாட்டு மண்ணில் புழு, பூஞ்சை எல்லாம் இருக்கும், அனுமதி இல்லை என்று விளக்கினார்கள். எனக்குத் தெரியாததா? அதைவிடப் பெரிய விளக்கமே நான் கொடுப்பேன். ஆனால் குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்ததும், கொஞ்சம் பொறுங்கள் என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். ஒரு சிட்டிகை எடுத்து எச்சில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். நான் வெட்கத்தோடு, ஆனால் துடைக்காமல், ரயில் ஏறினேன். மறுநாள் எலிக்கூடத்து ஷவரில்தான் அது போயிற்று.

ஒரு நாள் காலை வால் பார்த்து முடித்து, குளித்து, வெளிப் பெட்டியிலிருந்து போனை எடுத்தேன். அண்ணன் கூச்சல் போடுவதுபோல ‘ஆ’ என்ற ஒரே எழுத்தை வரிசையாக அடித்து அனுப்பியிருந்தான். கீழே மைனி: “ஜஸ்ட் பாஸ்.” ஈரத்தலையோடு நடைக்கூடத்தில் ஓடி பிர்கிட்டிடம், “எங்கள் கரு நின்றுவிட்டது, நின்றுவிட்டது” என்றேன். அவளும் சந்தோஷமாக, “அருமை! எந்த வம்ச வரிசை? கருப்பா, வெள்ளையா?” என்று கேட்டுப் பேனாவை எடுத்தாள். சங்கரன்கோவில் வம்சம், மாநிறம் என்றேன். அவளுக்கு விளங்குவதற்குள் நான் அவளைக் கட்டிப்பிடித்திருந்தேன். இந்த நாட்டில் கேட்காமல் கட்டிப்பிடிப்பது வழக்கமில்லை. அவளும் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

இதற்குமேல் எல்லாம் சுகமே என்று எழுதத்தான் ஆசை. ஊரில் பங்கு பிரிக்கும் வேலை உடனே ஆரம்பித்துவிட்டது. அம்மா புற்றுமண்ணுக்குப் பங்கு கேட்டாள், அத்தை மூக்குக்கு, அண்ணன் கொடிக்கு. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோவிலில் கொடி ஏறின வாரத்தில் மைனிக்கு ரத்தம் பட்டது. டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். அம்மா அன்றே ஆடிச்சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள். கொடி ஏறியதிலிருந்து தபசு வரை கோவிலைச் சுற்றிச் சுற்றி வருவது எங்கள் ஊர் வழக்கம். முழங்கால் வலிக்காரி என்று யார் சொல்லியும் கேட்கவில்லை.

தபசு நாளன்று காலையில் நான் வேலையை முடித்துவிட்டு, உடைகூட மாற்றாமல், பச்சைச் சட்டையோடு பெட்டியருகே நின்று மைனியைக் கூப்பிட்டேன். ஊரில் உச்சிப்பொழுது. அவள் கட்டிலில் படுத்திருந்தாள். ஜன்னல் வழியாக மேளமும் ஜனச் சத்தமும் கேட்டன. அன்று காலை ஸ்கேனில் இதயம் துடிக்கிறது, ரத்தமும் நின்றிருக்கிறது என்று சொன்னாள்.

“நிக்குமா கோமதி?” என்றாள். இந்த ஒரு கேள்வியை அவள் அதுவரை என்னிடம் கேட்டதே இல்லை.

“தெரியல மைனி. நிக்கணும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், இது நெசம். வயித்துல இருக்க பிள்ளையோட செல்லு கொஞ்சம் கொடி வழியாத் தாய் ரத்தத்துக்குள்ள வந்துரும். வந்து, எங்கயாவது ஒரு மூலையில தங்கிரும். பல வருஷம் கழிச்சும் இருக்கும். இவ்வளவு நாள் உன்கூட இருந்துட்டுல்லா, இனி என்ன ஆனாலும் அது உன்னை விட்டு மொத்தமாப் போகாது.” எப்போதும் ‘நீங்க’ என்று பேசுகிறவள் ‘உன்கூட’ என்று சொல்லிவிட்டதைச் சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அப்போ நானும் ஒரு கைமேராவா?”

“எல்லாத் தாயும்.”

மைனி ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஏதோ கணக்குப் போடுகிற முகம். “அப்போ நீயும் அத்தைக்குள்ள கொஞ்சம் இருக்க.” என் அம்மாவைத்தான் அவள் அத்தை என்பாள்.

“இருப்பேன். கொஞ்சூண்டு.”

“அத்தை இப்போ கோயிலச் சுத்திக்கிட்டு இருக்காவ, செருப்பு இல்லாம, இந்த வெயிலுல.” அவள் திரும்பி என்னை, என் காகிதத் தொப்பியிலிருந்து, போனில் தெரிந்த மட்டும், மேலும் கீழும் பார்த்தாள். “உனக்குக் கால் சுடலியா?”

நான் குனிந்து பார்த்தேன். குளிரூட்டிய நடைக்கூடம், ஈரத் தரை, எலிகளுக்காகக் கொடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் செருப்பு.

“சுடுது மைனி” என்றேன்.